வேஸ்ட்கேட்டை ஆட்டுவிக்கும் எண்ணெய்

பெங்களூரு ஜக்கூர் விமான தளம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே சிறிய பிஸ்டன் விமானம் ஒன்றின் எஞ்சினை இயக்கும் முன், எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மேனிஃபோல்ட் பிரஷர் கேஜைப் பார்த்தால், முள் 27 அங்குலப் பாதரசத்தை ஒட்டி நிற்கும். சென்னையில் அதே முள் 30 பக்கம் இருக்கும். ஆயிரம் அடி ஏற ஏற ஏறத்தாழ ஓர் அங்குலம் குறைகிறது. டர்போ இல்லாத எஞ்சின், காற்று வரும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலை முழுதாகத் திறந்தாலும் வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாண்டாது.

டர்போசார்ஜர் இந்தக் குறையைப் போக்குகிறது. புகைக்காற்று டர்பைனைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரசர் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. 35 அங்குலம் வேண்டுமென்றால், ஜக்கூரில் காற்றை 1.3 மடங்கு அமுக்கினால் போதும். 12,000 அடியில் வெளிக்காற்று 19 அங்குலம்தான், அங்கே 1.8 மடங்கு வேண்டும். ஆக, டர்போவின் வேகம் உயரத்துக்கேற்ப மாற வேண்டும். அதை மாற்றுவது வேஸ்ட்கேட்: புகைக்காற்றை டர்பைனுக்குள் விடாமல் வெளியே தள்ளிவிடும் பட்டாம்பூச்சி வால்வு.

அந்த வால்வை அசைப்பது எஞ்சின் எண்ணெய்தான். எண்ணெய் ஒரு சன்னத் துளை வழியாக, வால்வை இயக்கும் ஆக்சுவேட்டருக்குள் நுழைகிறது. உள்ளே பிஸ்டனின் ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் ஸ்பிரிங். எண்ணெய் அழுத்தம் ஏறினால் வால்வு மூடும், இறங்கினால் ஸ்பிரிங் திறந்துவிடும். ஆக்சுவேட்டரிலிருந்து எண்ணெய் வெளியேறும் வழியில்தான் கன்ட்ரோலர் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் காற்று நீக்கி மூடிய ஓர் உலோகத் துருத்தி. கம்ப்ரசரைத் தாண்டி வரும் காற்றின் அழுத்தம் குறைந்தால் துருத்தி விரிந்து எண்ணெயின் வழியை அடைக்கும். எண்ணெய் தேங்கும், வேஸ்ட்கேட் மூடும், டர்போ வேகமெடுக்கும். அழுத்தம் கூடினால் துருத்தி சுருங்கும், எண்ணெய் வடிந்துபோகும். எண்ணெய் முற்றிலும் போய்விட்டால் வால்வு திறந்தே நிற்கும். எஞ்சினுக்கு அதிக அழுத்தம் ஏறாது என்பதால் இது நல்ல ஏற்பாடு.

லைகாமிங் நிறுவனத்தின் டர்போ விமான எஞ்சினான டிஐஓ-540 வகைகள் சிலவற்றில் கன்ட்ரோலர்கள் இரண்டு. முழு த்ராட்டிலில் டென்சிட்டி (அடர்த்தி) கன்ட்ரோலர் பொறுப்பேற்கிறது. அதன் துருத்தியில் நைட்ரஜன் இருப்பதால் வெப்பத்தையும் உணரும். சூடான நாளில் காற்றின் அடர்த்தியைக் காக்கச் சற்று அதிக அழுத்தத்தை அனுமதிக்கும். முழு த்ராட்டிலுக்குக் கீழே டிஃபரன்ஷியல் கன்ட்ரோலர், த்ராட்டில் தகட்டின் இருபுறமும் உள்ள அழுத்த வித்தியாசத்தைச் சில அங்குலங்களுக்குள் வைக்கிறது. அது இல்லாவிட்டால், பாதித் த்ராட்டிலிலும் டர்போ தேவையில்லாமல் முழு மூச்சாக உழைக்கும்.

எண்ணெயை நம்பிய அமைப்பு என்பதால் பெரிய ஆபத்தும் அங்கிருந்தே வருகிறது. டிசம்பர் காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது, கன்ட்ரோலர் வழியைத் திறந்தாலும் அது சட்டென்று வடியாது. வேஸ்ட்கேட் மூடியே கிடக்க, முள் சிவப்புக் கோட்டைத் தாண்டும். எண்ணெய் வெப்பம் பச்சைப் பகுதிக்கு வரும்வரை காத்திருங்கள். பிறகு த்ராட்டிலை மூன்று, நான்கு விநாடி எடுத்து மெல்ல முன்னே தள்ளுங்கள். கண் கேஜில் இருக்கட்டும். தரையிறங்காமல் மீண்டும் மேலேறும் அவசரத்திலும் இதே நிதானம் தேவை.

ஏறிக்கொண்டே போனால் ஓர் உயரத்தில் வேஸ்ட்கேட் முழுதாக மூடிவிடும். அதுதான் கிரிட்டிக்கல் ஆல்டிட்யூட். அதற்கு மேல் கன்ட்ரோலரின் கையில் ஒன்றும் இல்லை. அங்கே ஆர்பிஎம்மை, அதாவது எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் வேகத்தை, குறைத்தால் புகைக்காற்று குறையும், டர்போ தளரும், மேனிஃபோல்ட் அழுத்தமும் இறங்கும். டர்போ இல்லாத எஞ்சினில் பழகியவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். முள் ஏறி இறங்கி அலைபாயத் தொடங்கினால், ஆர்பிஎம்மைச் சற்றுக் கூட்டுங்கள், அல்லது த்ராட்டிலைக் கொஞ்சம் பின்னிழுங்கள்.

தாழ்வான உயரத்திலேயே அழுத்தம் ஏறவில்லையா? கன்ட்ரோலரைத் திருகத் தொடங்காதீர்கள். முதலில் டர்பைனுக்கு முன்னுள்ள புகைக்குழாய் இணைப்புகளையும் கிளாம்ப்களையும் பாருங்கள். அங்கே கசிந்தால் டர்போவுக்கு வலு கிடைக்காது, தீ ஆபத்தும் உண்டு. அடுத்து வேஸ்ட்கேட். எஞ்சின் நின்றிருக்கையில் அது முழுதாகத் திறந்திருக்க வேண்டும். கரியும் ஈயப்படிவும் சேர்ந்து தண்டு பிடித்துக்கொள்வது அடிக்கடி நடப்பதுதான். பாதி மூடிய நிலையில் சிக்கியிருந்தால் அடுத்த முறை புறப்படும்போது அழுத்தம் எல்லை மீறும். அதை விடுவிக்காமல் விமானத்தை எடுக்கக் கூடாது.