முதல் ரேஸும் பின் டயரின் சூடும்

பஹ்ரைன் நாட்டின் சகீர் பாலைவனத்தில் ஒரு மாலையைக் கற்பனை செய்துகொள்வோம். மணி ஆறு. சூரியன் இறங்கிவிட்டது, மின்விளக்குகள் எரிகின்றன. ஃபார்முலா 1 பருவத்தின் முதல் ரேஸ் தொடங்கப் போகிறது. 2021 முதல் 2024 வரை நான்கு ஆண்டுகள் பருவம் இங்கேதான் தொடங்கியது. 5.412 கிலோமீட்டர் சுற்று, மொத்தம் 57 சுற்றுகள். பருவத்தின் முதல் ரேஸ் என்றால் எல்லோரும் எஞ்சினைப் பற்றியும் புதிய இறக்கைகளைப் பற்றியும்தான் பேசுவார்கள். சகீரில் முதலில் பார்க்க வேண்டியது பின் டயர்.

டயர்கள் மின்போர்வைக்குள் 70 டிகிரி செல்சியஸில் சூடாகி வருகின்றன. 2022 முதல் 2025 வரை பின் டயரின் அகலம் 405 மில்லிமீட்டர், உயரம் 720 மில்லிமீட்டர். அது உருளப் போகும் தரையைக் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். சர்க்யூட் கட்டியபோது தாரில் கலக்கும் ஜல்லியை இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் குவாரி ஒன்றிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். எளிதில் மழுங்காத கல் அது. 2004-இல் முதல் ரேஸ் நடந்தது. வருடங்கள் ஆக ஆக மேலே இருக்கும் தார் தேய்ந்து, கல்லின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். புதிதாகக் கொத்திய அம்மியைத் தடவிப் பார்த்தால் கைக்கு எப்படித் தெரியுமோ, அப்படி.

இந்தத் தரையை ரப்பர் இரண்டு விதமாகப் பிடிக்கிறது. கல்முனை ரப்பருக்குள் அழுந்துகிறது. ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பாது, கொஞ்சம் தாமதித்துத்தான் திரும்பும். அந்தத் தாமதத்தால் கல்லின் ஒரு பக்கம் அழுத்தம் கூடி, மறுபக்கம் குறைகிறது. இந்த வேறுபாடுதான் வழுக்கலைத் தடுக்கும் விசை. இன்னொன்று, ரப்பரின் மூலக்கூறுகள் கல்லில் ஒட்டி, இழுபட்டு, விடுபட்டு, மறுபடி ஒட்டுவது. இரண்டிலும் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அதாவது சூடு பிறக்காமல் பிடிப்பே கிடையாது. ஆறிப்போன ரப்பர் விறைத்து வழுக்கும். சுமார் 100 டிகிரியை ஒட்டி நன்றாகப் பிடிக்கும். அளவுக்கு மீறிச் சூடேறினால் இளகி, மறுபடி வழுக்கும்.

டயரில் இரண்டு சூடுகள் உண்டு என்பதைப் புரிந்துகொண்டால் ரேஸில் பாதி புரிந்த மாதிரி. மேற்பரப்புச் சூடு சக்கரம் வழுக்கும்போது நொடியில் ஏறும், நேர்ச்சாலையில் காற்றுப்பட்டு இறங்கும். உட்சூடு அப்படியல்ல. டயர் வளைந்து நெளிவதாலும் மேலிருந்து இறங்கும் வெப்பத்தாலும் சுற்றுக்குச் சுற்று மெல்ல ஏறும், லேசில் இறங்காது. கனமான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் மேலே சட்டென்று ஆறும். கல்லுக்குள் இருக்கும் சூடு சில நொடிகளில் மேலே வந்துவிடும். அதேபோல, நேர்ச்சாலையில் ஆறிய டயர் அடுத்த வளைவில் கொஞ்சம் வழுக்கினாலும் பழைய சூட்டுக்கே திரும்பிவிடுகிறது.

சகீரின் வளைவுகளில் பல மெதுவானவை, அவற்றுக்குப் பின் நீண்ட நேர்ச்சாலைகள். மெதுவான வளைவில் காரைக் கீழே அழுத்தும் காற்று குறைவு. அங்கே ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், எஞ்சினின் மொத்தத் தள்ளலையும் பின் டயர்கள் இரண்டும் தனியாகத் தாங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வழுக்கும், கொஞ்சம் சூடேறும். அதனால் அனுபவமுள்ளவர்கள் கியரைச் சீக்கிரமே ஏற்றிவிடுவார்கள், ஸ்டீயரிங் நேராகும்வரை முழுதாக மிதிக்க மாட்டார்கள். சுற்றுக்கு 0.2 நொடி போனாலும் பரவாயில்லை. அந்தப் பொறுமைக்கு 15 சுற்று கழித்துப் பலன் கிடைக்கும்.

முன் டயருக்குப் பொல்லாத இடம் பத்தாவது வளைவு. இறக்கத்தில் பிரேக்கும் பிடிக்க வேண்டும், இடப்பக்கம் திரும்பவும் வேண்டும். எடை வலப்பக்கம் சாய்வதால் இடது முன்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்துவிடும். பிரேக் கொஞ்சம் கூடினாலும் அது சுழலாமல் நின்று, வெண்புகையோடு ஒரே இடத்தில் தேயும். டயரில் தட்டையான திட்டு விழுந்தால் சுற்று முழுக்கக் கார் அதிரும். தாங்க முடியாத அளவுக்குப் போனால் கணக்கில் இல்லாத நேரத்தில் பிட்டுக்கு, அதாவது டயர் மாற்றும் இடத்துக்கு, வந்தே ஆக வேண்டும்.

பிட் கணக்குக்கு வருவோம். 2025 வரையிலான கார்களில் ரேஸ் தொடங்கும்போது சுமார் 100 கிலோ எரிபொருள் இருந்தது, சுற்றுக்கு 1.8 கிலோ போல எரிந்தது. ஒரு கிலோ குறைந்தால் சுமார் 0.03 நொடி வேகம் கூடும். ஆகவே டயர் தேயாமலே இருந்தால், கார் சுற்றுக்கு 0.05 நொடி வேகமாகிக்கொண்டே போக வேண்டும். சகீரில் டயர் தளர்வது இந்த ஆதாயத்தை விழுங்கி, அதற்கு மேலும் தின்றுவிடும். எனவே புது டயருக்கும் பழைய டயருக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிது. முன்னால் போகிறவருக்கு ஒரு நொடி பின்னால் இருப்பவர், ஒரு சுற்று முன்னதாகவே பிட்டுக்குள் நுழைகிறார் என்று வையுங்கள். புது டயரில் அந்த ஒரு சுற்றில் இரண்டு நொடி எடுத்துவிட்டால், முன்னவர் பிட்டிலிருந்து வெளியே வரும்போது இவர் தாண்டியிருப்பார். இதற்கு அண்டர்கட் என்று பெயர். கெடுவதற்கும் வழியுண்டு: வெளியே வரும்போது மெதுவான காருக்குப் பின்னால் மாட்டிக்கொள்வது, அல்லது சக்கரத்தின் ஒற்றை நட் சாய்ந்து உட்கார்ந்து மரை சிக்குவது. மரை சிக்கினால் இரண்டரை நொடியில் முடிய வேண்டிய வேலை பத்து நொடியானாலும் முடியாது.

இந்தச் சர்க்யூட்டின் ரேஸ் சுற்றுச் சாதனையைப் பார்த்தால் டயரின் அருமை தெரியும். 2005-இல் மெக்லாரனில் பெட்ரோ டி லா ரோசா ஓட்டிய 1 நிமிடம் 31.447 நொடியை 2024 பருவத் தொடக்க ரேஸிலும் யாரும் தாண்டவில்லை. அன்றைய கார் 600 கிலோவை ஒட்டியது. எரிபொருளை நடுவில் நிரப்பிக்கொள்ளலாம். 2024-இல் ஓட்டுநரோடு சேர்த்துக் கார் குறைந்தது 798 கிலோ, அதோடு மொத்த எரிபொருளையும் சுமந்துகொண்டு, டயர் சூடேறாமல் அடக்கி ஓட்ட வேண்டியிருந்தது.

2021-இன் முதல் ரேஸில் இவை எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கலாம். ரெட் புல் அணியின் வெர்ஸ்டாப்பன் முன்னால், மெர்சிடிஸ் அணியின் ஹாமில்டன் பின்னால். 13-ஆவது சுற்றில் ஹாமில்டன் பிட்டுக்குள் போனார். வெர்ஸ்டாப்பன் 17-இல்தான் வந்தார், வெளியேறியபோது பின்னால் இருந்தார். ஹாமில்டனின் இரண்டாவது நிறுத்தம் 28-இல், வெர்ஸ்டாப்பனுடையது 39-இல். பதினோரு சுற்று இளமையான டயரோடு துரத்திய வெர்ஸ்டாப்பன், 53-ஆவது சுற்றில் நான்காவது வளைவின் வெளிப்பக்கமாகத் தாண்டினார். ஆனால் டிராக்கின் எல்லையைக் கடந்து போய்த் தாண்டியதால் இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. முன்னால் போகும் காரின் கலங்கிய காற்றில் பின்னால் வரும் காருக்கு அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் டயர் வழுக்கும், வழுக்கினால் சூடேறும். புது டயர் என்ற ஆதாயம் சுற்றுக்குச் சுற்று கரைந்தது. கோட்டைக் கடந்தபோது ஹாமில்டன் 0.745 நொடி முன்னால் இருந்தார்.