நெரிசலும் தீனியும் வளர்ப்பு மீனை என்ன செய்கின்றன?

பேலியகொடைச் சந்தையிலோ வெள்ளவத்தையிலோ மீன் வாங்குகிறவர்கள் பூவை (செவுளை) தூக்கி நிறம் பார்ப்பார்கள், விரலால் சதையை அழுத்திப் பார்ப்பார்கள். கடலில் பிடித்த மீனுக்கு அது போதும். திருகோணமலைப் பக்கம் கூண்டில் வளர்ந்து வரும் கொடுவாவுக்கும் தொட்டியில் வளர்ந்த திலாப்பியாவுக்கும் இன்னொரு கேள்வி இருக்கிறது: உயிரோடு இருந்த காலத்தில் அது எப்படி இருந்தது? பண்ணை மீன் என்றதும் பலருக்கு நெரிசல்தான் நினைவுக்கு வரும். ஒரு கன மீற்றர் தண்ணீரில் எத்தனை கிலோ மீன் என்பதுதான் வழக்கமான அளவுகோல். அந்த எண் பாதி விஷயத்தைத்தான் சொல்கிறது. மீதிப் பாதி தீனி வாளியில் கிடக்கிறது.

முதலில், மீனுக்கு ஸ்ட்ரெஸ் வந்தால் உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். நமக்குச் சிறுநீரகத்தின் மேல் அதிரினல் சுரப்பி தனியாக இருக்கிறது. என்பு மீன்களுக்கு அப்படி இல்லை. தலையை ஒட்டியுள்ள சிறுநீரகத்தின் முன்பகுதிக்குள்ளேயே அந்தக் கலங்கள் கலந்திருக்கின்றன. வலையைத் தண்ணீருக்குள் இறக்கிய சில வினாடிகளில் இரத்தத்தில் அதிரினலின் ஏறிவிடும். அப்புறம் மூளையிலிருந்து செய்தி வந்து சேர, சில நிமிடங்களில் கொர்ட்டிசோல் என்ற ஹோமோன் கூடும், அதோடு குளுக்கோசும் கூடும். தப்பி ஓடத் தேவையான ஏற்பாடு இது.

இந்த ஏற்பாட்டுக்கு மீன் கொடுக்கும் விலை பூவில் தெரியும். அதிரினலின் பூவுக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது, ஒட்சிசன் அதிகம் கிடைக்கிறது. ஆனால் ஒட்சிசன் வருகிற அதே மெல்லிய தோல் வழியாகத்தான் உப்பு வெளியே கசிகிறது, தண்ணீர் உள்ளே வருகிறது. நன்னீர் மீனின் இரத்தம் சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பானது. ஆகவே பதற்றம் கூடக் கூட உப்பிழப்பும் கூடும். நன்னீர் மீனை ஏற்றி அனுப்புகிறவர்கள் தண்ணீரில் கொஞ்சம் உப்பு போடுவது இதனால்தான். மீனில் கொர்ட்டிசோலுக்கு இரண்டு வேலை: சக்தியைத் திரட்டுவதும் அதுதான், உப்புச் சமநிலையைப் பார்ப்பதும் அதுதான். ஒரு மணிநேரம் கூடியிருந்து இறங்கினால் பிரச்சினை இல்லை. வாரக்கணக்கில் இறங்காமல் நின்றால் வளர்ச்சி குறையும், நோயெதிர்ப்பு தளரும். சாதாரணமாகத் தண்ணீரில் இருக்கும் பக்டீரியாவே நோய் கொடுக்கத் தொடங்கும்.

சரி, நெரிசல் எவ்வளவு இருந்தால் அப்படி ஆகும்? நோர்வேயில் சால்மன் கூண்டுகளுக்குச் சட்டமே கன மீற்றருக்கு 25 கிலோ என்று எல்லை வைத்திருக்கிறது. அந்த எண்ணை இங்கே அப்படியே தூக்கிவர முடியாது. 15 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். நம் ஊர்க் குளத்தின் 28 பாகையில் 8 மில்லிகிராம்கூடத் தாங்காது. சூட்டில் மீனின் தேவையோ கூடுகிறது. இன்னொன்று, மீன்களைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உண்மை இல்லை. திலாப்பியா இடம் பிடித்துக் காவல் காக்கும் மீன். தொட்டியில் சில மீன்கள் மட்டும் இருந்தால் ஒன்று ராஜாவாகி மற்றவற்றைத் துரத்தும். அடிவாங்கும் மீனின் கண் கறுத்துப்போவதைப் பார்த்தே அதன் நிலையைச் சொல்லலாம். எண்ணிக்கை கூடினால் யாரைத் துரத்துவது என்று தெரியாமல் சண்டை அடங்கி, கூட்டமாக நீந்தத் தொடங்கும். ஆக, திலாப்பியாவுக்குச் சற்று நெரிசலே நிம்மதி, தண்ணீர் தாக்குப்பிடிக்கும் வரை.

அந்தத் தண்ணீரைக் கெடுப்பதில் பெரும்பங்கு தீனிக்குத்தான். 30 வீதம் புரதமுள்ள ஒரு கிலோ தீனியில் 300 கிராம் புரதம். அதில் சுமார் 48 கிராம் நைதரசன். பாதிக்கும் மேல் மீனின் உடம்பில் தங்காது. பெரும்பாலும் அமோனியாவாக, அதுவும் பூ வழியாகவே, தண்ணீருக்குத் திரும்பிவிடும். சாப்பிட்டபின் செரிப்பதற்கென்று மீன் சில மணிநேரம் கூடுதல் ஒட்சிசனும் எடுக்கும். பச்சைப் பிடித்த குளத்தில் இதற்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. பகலில் பாசி காபனீரொட்சைட்டை எடுத்துக்கொள்வதால் பின்னேரத்தில் பீஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்) ஏறி அமோனியா நச்சு வடிவத்துக்கு மாறும். இரவில் பாசியும் ஒட்சிசனை எடுப்பதால் விடியப்புறம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். அப்படி வாயைத் திறக்கும் மீனைப் பசி என்று நினைத்துத் தீனி போடுவது போல மோசமான காரியம் வேறில்லை.

தீனி எவ்வளவு என்பதோடு யாருக்குப் போகிறது என்பதும் முக்கியம். ஒரே மூலையில் கொட்டினால் ‘பந்திக்கு முந்து’ கதைதான்: பெரியவை முந்திக்கொள்ளும், சிறியவை இன்னும் சிறுக்கும். பரவலாக, பலமுறையாகப் போட்டால் போட்டி தணியும். தீனியின் உள்ளடக்கமும் நெருக்கடியைத் தாங்கும் திறனை மாற்றுகிறது. பெரும்பாலான என்பு மீன்களால் விற்றமின் சி-யை உடம்பில் உருவாக்க முடியாது. குறைந்தால் முதுகெலும்பு வளையும், காயம் ஆறாது. சாதாரண விற்றமின் சி சூட்டிலும் ஈரத்திலும் அழிந்துவிடும். கொழும்புப் புழுக்கத்தில் வாயைக் கட்டாமல் வைத்த தீனி மூட்டையில் சீட்டில் எழுதிய அளவு மிஞ்சும் என்று நான் நம்பமாட்டேன். திரிப்தோபன் என்ற அமினோ அமிலம் இன்னும் சுவையான விஷயம். மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற பொருளாக மாறுவது இதுதான். பிரித்தானியர் காலத்தில் நம் மலைநாட்டு ஓடைகளில் கொண்டுவந்துவிட்ட ட்ரவுட் இனத்துக்கு ஆய்வுகூடங்களில் இதைக் கூடுதலாகக் கொடுத்தபோது சண்டையும் குறைந்தது, நெருக்கடியின்போது கொர்ட்டிசோல் ஏற்றமும் குறைந்தது. ஆனாலும் தண்ணீர் கெட்டுக் கிடக்கும்போது தீனியில் எதைச் சேர்த்தும் பலனில்லை.

அறுவடைக்கு முன் தீனியை நிறுத்துவதும் இந்தக் கணக்கில்தான். வெறும் வயிற்று மீன் குறைவாக ஒட்சிசன் எடுக்கும், குறைவாக அமோனியா விடும். பிடிக்கும்போது நெடுநேரம் திமிறிய மீனில் தசையின் சக்தி தீர்ந்து, லக்டிக் அமிலம் சேர்ந்து, செத்தவுடன் சீக்கிரம் விறைத்துச் சீக்கிரம் தளர்ந்துவிடும். சதை பிளந்துபோவதற்கு அது ஒரு காரணம்.

கட்டுநாயக்காவிலிருந்து ஏற்றுமதியாகும் அலங்கார மீன்களில் இதே விஷயத்தின் உச்சத்தைப் பார்க்கலாம். பட்டினி போட்ட மீனைக் கொஞ்சத் தண்ணீரோடு பொலித்தீன் பையில் விட்டு, மேலே ஒட்சிசன் அடைத்துக் கட்டுவார்கள். பைக்குள் காபனீரொட்சைட்டு சேரச் சேர பீஎச் இறங்கும். சேர்ந்த அமோனியாவும் அதனால் பெரும்பாலும் தீங்கு குறைந்த வடிவிலேயே இருக்கும். பையைத் திறந்ததும் காபனீரொட்சைட்டு வெளியேற, பீஎச் ஏற, அமோனியா நச்சாகிவிடும். நெடுந்தூரம் வந்த பை உங்கள் கைக்கு வந்தால், மூடியபடியே தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு ஒத்துவந்தபின் திறந்து, மீனை மட்டும் உடனே தொட்டிக்கு மாற்றுங்கள். பைத் தண்ணீரை ஊற்ற வேண்டாம், அன்றைக்குத் தீனியும் வேண்டாம்.