ரோம் கிரைட்டீரியாவை ‘அளவுகோல்’ என்பது சரியா?

எரிச்சல் குடல் நோய் (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்) பற்றி எழுதுகிறவர்கள், அந்த நோய்தானா என்று முடிவு செய்ய உதவும் ரோம் கிரைட்டீரியாவை ‘ரோம் அளவுகோல்’ என்றே எழுதித் தள்ளுகிறார்கள். பொருந்தாத சொல்.

கிரைட்டீரியா கிரேக்கம், பிரித்துப் பார்த்துத் தீர்மானிப்பது என்பது வேர்ப்பொருள். ஒருமையில் கிரைட்டீரியன். 1988இல் ரோமில் நடந்த இரைப்பை, குடல் மருத்துவ மாநாட்டையொட்டித் தொடங்கிய வேலை என்பதால் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது.

அளவுகோல் என்றால் கூடுதல் குறைவு காட்ட வேண்டும். ரோம் எதையும் அளப்பதில்லை. ஸ்கோப்பிலும் ஸ்கேனிலும் காரணம் அகப்படாத கோளாறுக்கு, நோயாளி சொல்வதை வைத்துப் பெயர் வைக்கும் ஏற்பாடு அது. 2016இல் வந்த நான்காம் பதிப்பின்படி, கடந்த 3 மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு 1 நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். தொந்தரவு தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வலிக்கு மலம் கழிப்பதோடு தொடர்பு, போகும் தடவையில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டாவது சேர வேண்டும். பொருந்தும், அல்லது பொருந்தாது. முக்கால்வாசி பொருந்தியது என்ற பேச்சே இல்லை.

உண்மையான அளவுகோல், மலத்தின் தன்மையை 7 வகையாகப் பிரிக்கும் பிரிஸ்டல் அட்டவணைதான்: 1 என்றால் ஆட்டுப்புழுக்கை மாதிரி, 7 என்றால் வெறும் தண்ணீர். மலம் சரியில்லாத நாட்களில் 1, 2 வகைகள் 25 சதவீதத்துக்கு மேலும், 6, 7 வகைகள் 25 சதவீதத்துக்குக் கீழும் இருந்தால் எரிச்சல் குடலில் மலச்சிக்கல் பிரிவு என்று ரோம் இதைக் கொண்டுதான் பிரிக்கிறது. நம் மொழிபெயர்ப்பில் அளவுகோல் அளவுகோலைப் பார்த்து முடிவு சொல்கிறது!

‘நோயறி விதிகள்’ போதும். விதி வடசொல், தலையெழுத்து என்றும் பொருள்படும் என்பார்கள். பன்மையில் எழுதினால் யாரும் தலையைத் தடவிப் பார்க்க மாட்டார்கள். தூய தமிழில் ‘நெறிகள்’ எனலாம். ஆனால் அது சிகிச்சை வழிகாட்டு நெறிகளோடு குழம்பும்.

‘எரிச்சல் குடல்’ மட்டும் வாழ்கிறதா? “எனக்கு எரியவே இல்லையே டாக்டர்” என்பார் நோயாளி. ‘இரிட்டபிள்’ என்றால் இங்கே எளிதில் சீண்டப்படும் குடல் என்பதுதான் பொருள். மூன்றாம் பதிப்பில் வலியோடு இருந்த ‘டிஸ்கம்ஃபர்ட்’ என்ற இன்னொரு சொல்லைத் தமிழில் ‘அசௌகரியம்’ என்றார்கள். பஸ் சீட்டுக்குச் சொல்வது அது. வயிற்றுக்கு “ஒரு மாதிரியா இருக்கு” என்போம். மொழிக்கு மொழி பொருள் மாறுகிறது என்றே நான்காம் பதிப்பில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். நம் கட்டுரைகளில் அசௌகரியம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது, மாதத்துக்கு 3 நாள் என்ற பழைய கணக்கோடு.