'அரை மர வீடு' என்று எழுதாதீர்கள்

பழைய ஆங்கில வீடுகளைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், மரத் தூண்களும் விட்டங்களும் சுவரில் வெளியே தெரியும் வீட்டைக் குறிக்கும் 'ஹாஃப்-டிம்பர்ட்' என்பதை 'அரை மர வீடு' என்று மொழிபெயர்க்கிறார்கள். சுற்றுலாக் கட்டுரையிலும் அதுதான், ஆவணப்படத் துணைவரியிலும் அதுதான். இதை இனியும் விட்டுவைக்கக் கூடாது.

'டிம்பர்' பழைய ஆங்கிலத்தில் கட்டடத்தையே குறித்தது. ஜெர்மன் மொழியில் அறையைக் குறிக்கும் 'ட்சிம்மர்' அதன் உறவு. 'ஹாஃப்' வந்ததற்கு இரண்டு விளக்கங்கள் சொல்வார்கள்: அடிமரத்தைப் பாதியாகப் பிளந்து பயன்படுத்தியது, அல்லது சுவரில் மரம் பாதி, பூச்சு பாதி என்று தெரிவது. எதுவானாலும் சரி, வீடு எப்படி நிற்கிறது என்பதை அந்தப் 'பாதி' சொல்லவில்லை.

'அரை மர வீடு' என்று படிப்பவருக்கு என்ன தோன்றும்? கீழே செங்கல், மேலே மரம். அல்லது பாதியில் நின்றுபோன வேலை. உண்மையில் கூரையின் பாரம், மாடியின் பாரம் எல்லாவற்றையும் சுமப்பது மரம் மட்டுமே. இங்கிலாந்தின் செஷரில் உள்ள லிட்டில் மோர்டன் ஹாலைப் பாருங்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்ட ஆரம்பித்த வீடு. ஓக் தூண்களையும் விட்டங்களையும் துளையிட்டு, நாக்குச் செருகி, மர ஆணி அடித்துப் பூட்டினார்கள். தச்சர்கள் இப்படிப்பட்ட சட்டகங்களைத் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, துண்டுக்குத் துண்டு குறி வெட்டி, பிரித்து, அப்புறம்தான் நிமிர்த்தினார்கள். இடைவெளிகளில் வரிச்சு பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பினார்கள். அந்த மண்ணை முழுக்கத் தட்டி எடுத்தாலும் சட்டகம் நிற்கும். இதில் 'அரை' எங்கே இருக்கிறது? அந்த வீட்டின் ஜன்னல்களில் 1559இல் ரிச்சர்ட் டேல் என்ற தச்சர் தன் பெயரையே செதுக்கி வைத்திருக்கிறார். முழு வேலை செய்தவருக்கு நாம் பாதிப் பெயர் கொடுக்கிறோம்.

'மர வீடு' என்று மட்டும் எழுதுவதும் போதாது. அது பலகை வீட்டையும் குறிக்கும். 'மரச்சட்ட வீடு' பரவாயில்லை, ஆனால் 'சட்டம்' என்றதும் தனித்தனிக் கட்டைகளே நினைவுக்கு வருகின்றன. ஒன்றோடொன்று பூட்டி நிற்கும் முழு அமைப்புக்குச் 'சட்டகம்' என்ற சொல் கையிலேயே இருக்கிறது. ஆகவே மரச்சட்டக வீடு. எவருக்கும் புரியும், நல்ல தமிழும்கூட.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டுவதால் வரும் கேடு இது. இதே வீடுகளில் மேல்தளம் கீழ்ச்சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். அதற்கு 'ஜெட்டி' என்று பெயர். அதைப் 'படகுத்துறை' என்று எழுதிவிடுகிறார்கள். மோர்டன் ஹாலைச் சுற்றி அகழி வேறு இருக்கிறது, படிக்கிறவர் அப்படியே நம்பிவிடுவார். 'முன்தள்ளிய மேல்தளம்' என்று எழுதுங்கள். எழுதுமுன் அந்தக் கட்டடத்தின் ஒரு படத்தையாவது பாருங்கள்.