பாதி ஈரலை எடுத்தால் ரத்தமும் பாதியாகுமா?

மாமாவுக்கு அவர் மகனே கல்லீரலின் வலப்பக்கத்தைக் கொடுத்தான். ஆபரேஷன் முடிந்து கண்ணங்குறிச்சி வீட்டுக்கு வந்த பிறகு அத்தை கேட்டார்: "பையனுக்கு ஈரலு பாதிக்கு மேல போயிருச்சே, இனிமே ரத்தமும் பாதிதான போகும்?" நடப்பது நேர்மாறு. மிச்சமிருக்கிற ஈரலில் ஒவ்வொரு கிராமுக்கும் முன்பைவிட அதிக ரத்தம் பாய்கிறது.

கல்லீரலுக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் வருகிறது. கால் பங்கு தமனி வழியாக; முக்கால் பங்கு குடல், மண்ணீரல் எல்லாம் சுற்றிவிட்டு போர்ட்டல் சிரை வழியாக. இந்தச் சிரைக்குக் கல்லீரலிடம் மதகு கிடையாது, குடல் அனுப்புவது அத்தனையையும் வாங்கித்தான் ஆக வேண்டும். அத்தை வீட்டுப் பக்கத்து மூக்கனேரிக்குச் சேர்வராயன் மலையிலிருந்து தண்ணீர் வருகிறது. ஏரியில் மூன்றில் இரண்டு பங்கைத் தூர்த்துவிட்டால் மலையில் மழை குறையுமா என்ன? ஈரலில் மூன்றில் இரண்டை எடுத்தாலும் அப்படித்தான், கிராமுக்குப் போர்ட்டல் ரத்தம் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும், அழுத்தமும் ஏறும்.

எனக்கு மிகவும் பிடித்தது தமனி செய்யும் வேலை. தமனியும் சிரையும் ஒட்டிப் போகும் இடுக்கில் அடினோசின் என்ற பொருள் ஊறிக்கொண்டே இருக்கும். சிரையில் ரத்தம் குறைந்து அது தேங்கினால் தமனி விரியும், சிரையில் வெள்ளம் வந்து அதை அடித்துக்கொண்டு போனால் தமனி இறுகும். இந்த ஈடுகட்டலுக்கு 1981-ல் பெயர் வைத்தவர் வெய்ன் லாட் என்ற உடலியலாளர்.

அப்புறம், அந்த வெள்ளமே வளர்ச்சிக்கும் காரணம். நுண்குழாய்களின் உட்சுவரை ரத்தம் உரசிக்கொண்டு ஓட, சுவர் செல்கள் நைட்ரிக் ஆக்சைடை விடும், வளர்ச்சிக் காரணிகள் கிளம்பும், ஈரல் செல்கள் பிரிந்து பெருகத் தொடங்கும். வெட்டிய பகுதி மறுபடி முளைப்பதில்லை, மிச்சமிருப்பதே பருக்கிறது. பருக்கப் பருக்க ஒவ்வொரு கிராமும் தாங்கும் வரத்து குறைகிறது.

உண்மையில் மாமாவைத்தான் அதிகம் கவனிக்க வேண்டியிருந்தது. ஈரல் சுருங்கியவர்களுக்கு மண்ணீரல் வீங்கி, வரத்து ஏற்கெனவே எக்கச்சக்கமாக இருக்கும். வைக்கும் துண்டு உடல் எடையில் 0.8 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் வெள்ளம் நுண்குழாய்களையே சிதைக்கலாம். இறுகிய தமனியால் ஆக்சிஜனும் குறையும், மஞ்சள் காமாலை இறங்காது, வயிற்றில் நீர் கோக்கும். அதனால்தான் சிலருக்கு மண்ணீரல் தமனியைக் கட்டி வரத்தைக் குறைக்கிறார்கள். மாமாவுக்கு அடிக்கடி டாப்ளர் ஸ்கேன் எடுத்ததும் இந்த ஓட்டங்களைப் பார்க்கத்தான்.

"அப்ப பையனுக்கு?" என்றார் அத்தை. அவனுக்கு ஈரல் மிருதுவாக, நல்லபடியாக இருக்கிறது, மண்ணீரலும் வீங்கவில்லை. வருகிற ரத்தத்தை அவன் ஈரல் தாங்கும், வளரவும் செய்யும் என்றேன்.