கால்பந்தில் பெனால்டி ஷூட் அவுட்டுக்கு முன் கோல்கீப்பரை மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் ஷூட் அவுட்டுக்கு (சமநிலையில் நின்ற ஆட்டத்தை இரு அணியும் மாறி மாறி பெனால்டி உதைத்து முடிவு செய்வது) முந்தைய கூடுதல் நேரத்தின் கடைசி விசிலுக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். விசில் ஊதிய பிறகு, நன்றாக இருக்கும் கோல்கீப்பரை உட்கார வைத்துவிட்டு பெஞ்சிலிருந்து வேறொருவரை இறக்க முடியாது. நிறையப் பேர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

2014 உலகக் கோப்பைக் காலிறுதியில், சால்வடார் நகரில் நெதர்லாந்தும் கோஸ்டாரிகாவும் 0-0 என்று நின்றன. 120 நிமிடமும் முடிந்து, விசில் ஊத வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில் பயிற்சியாளர் லூயி வான் கால், கோல்கீப்பர் சில்லெசனை வெளியே அழைத்து டிம் க்ருலை இறக்கினார். ஷூட் அவுட்டில் க்ருல் ஐந்து உதையிலும் சரியான பக்கம் பாய்ந்தார், இரண்டைத் தடுத்தார். நெதர்லாந்து 4-3 என்று வென்றது. இப்படி ஒரு திட்டம் இருப்பது க்ருலுக்கு முன்பே தெரியும், சில்லெசனுக்குச் சொல்லவில்லை. அந்த ஆட்டத்தில் அதுவரை ஒரு கோல்கூட விடாமல் காத்தவர் அவர். அந்த முடிவு சரிதான் என்றாலும், அவர் வெளியே நடந்து வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

விதிப்படி இது சாதாரண ஆட்டக்காரர் மாற்றம்தான், கோல்கீப்பருக்கென்று தனிச் சலுகை கிடையாது. நடுவர் அனுமதிக்க வேண்டும், ஆட்டம் நின்றிருக்க வேண்டும். பந்து வெளியே போகாமல் ஓடிக்கொண்டே இருந்தால், மாற்று கோல்கீப்பர் கையுறையோடு கோட்டருகே காத்து நிற்க வேண்டியதுதான். அதற்குள் விசில் ஊதிவிட்டால் வாய்ப்பு போயிற்று.

அணியின் கணக்கில் மாற்றமும் மிச்சம் இருக்க வேண்டும். நான்கு நாள் கழித்து அர்ஜென்டினாவுடன் நடந்த அரையிறுதியில் வான் கால் மூன்று மாற்றங்களையும் முன்பே செய்து முடித்திருந்தார். அப்போது அனுமதி அவ்வளவுதான். சில்லெசனே நின்றார், ஷூட் அவுட்டில் அணி 2-4 என்று தோற்றது. இப்போது பெரிய போட்டிகளில் ஐந்து மாற்றம், கூடுதல் நேரத்துக்குப் போனால் இன்னொன்று என்று இடம் இருக்கிறது. உள்ளூர்ப் போட்டி என்றால் எத்தனை மாற்றம் என்பதை முதலில் அமைப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, வெளியே வரச் சொன்னால் கோல்கீப்பர் மறுத்துவிட்டால்? ஆட்டம் தொடரும் என்கிறது கால்பந்து விதிகளில் ஆட்டக்காரர்களைப் பற்றிய விதி 3. நடுவர் அவரைப் பிடித்து வெளியே அனுப்ப மாட்டார். 2019 இங்கிலாந்து லீக் கோப்பை இறுதியில் செல்சி அணியின் கோல்கீப்பர் கெபா அப்படித்தான் வர மறுத்தார். மாற்றுக்குத் தயாராக நின்ற கபாயெரோ திரும்பப் போய் உட்கார வேண்டியதாயிற்று. ஷூட் அவுட்டில் மான்செஸ்டர் சிட்டி 4-3 என்று ஜெயித்தது.

விசிலுக்குப் பிறகு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: ஷூட் அவுட்டுக்கு முன்போ நடுவிலோ கோல்கீப்பர் காயப்பட்டு, தொடர முடியாமல் போவது. மாற்றம் மிச்சம் இருந்தால் பெஞ்சிலிருந்து ஒருவர் வரலாம். இரு அணியின் எண்ணிக்கையைச் சமமாக்க ஒதுக்கி வைத்த ஆட்டக்காரர் இருந்தால் அவரும் வரலாம். வெளியே போனவருக்கு அதன் பிறகு உதைக்க உரிமை இல்லை. அவர் ஏற்கெனவே ஒரு உதை உதைத்திருந்தால், புதிதாக வந்தவர் அடுத்த சுற்று வரை உதைக்கக் கூடாது. மற்ற ஆட்டக்காரர்கள் காயப்பட்டால் இந்தச் சலுகை கிடையாது. கோல் கம்பத்தில் ஆள் இல்லாமல் விட முடியாது, அதனால் இது நியாயமாகவே எனக்குப் படுகிறது.

அப்புறம், உதைக்கத் தகுதியுள்ள ஆட்டக்காரர் யாரும் எப்போது வேண்டுமானாலும் கோல்கீப்பரோடு இடம் மாறிக்கொள்ளலாம். இது மாற்றக் கணக்கில் வராது. நடுவரிடம் சொல்ல வேண்டும், கோல்கீப்பருக்கு உரிய நிறத்தில் சட்டை போட வேண்டும், அவ்வளவுதான்.

தடுப்பதற்கென்றே இறக்கப்படும் கோல்கீப்பர், உதைக்கவும் தயாராக இருக்க வேண்டும். தகுதியுள்ள எல்லோரும் ஒருமுறை உதைத்து முடிக்கும் வரை யாரும் இரண்டாம் முறை உதைக்க முடியாது, கோல்கீப்பரும் அந்த வரிசையில் உண்டு. 2022 லீக் கோப்பை இறுதியில் செல்சி, கோல்கீப்பர் மென்டியை எடுத்துவிட்டு இதே கெபாவை ஷூட் அவுட்டுக்காகவே இறக்கியது. லிவர்பூலோடு 21 உதையும் கோலாகின. 22-வது உதை கெபாவுடையது. பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்தது, லிவர்பூல் 11-10 என்று கோப்பையை எடுத்துக்கொண்டது.