கன்வர்ஷனே தராத தளத்தை எப்போது விலக்கலாம்?

விளம்பரத்தைக் கிளிக் செய்து வந்தவர் வாங்குவதோ படிவம் நிரப்புவதோ போன்ற பலனே கன்வர்ஷன். 2017-ல் ஜேபி மார்கன் சேஸ் வங்கியின் விளம்பரங்கள் 30 நாளில் ஏறக்குறைய 4,00,000 இணைய முகவரிகளில் தோன்றின. அவற்றில் சும்மா கண்ணில் பட்டதைத் தாண்டி ஏதாவது நடந்தது 12,000 முகவரிகளில் மட்டுமே. பயிற்சி ஊழியர் ஒருவர் அந்த 12,000-ஐயும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். தேறியது 5,000. மற்ற எல்லாவற்றையும் வங்கி நிறுத்தியது. விளம்பரத்தின் பலன் குறையவில்லை.

அந்த 4,00,000 முகவரிகளை யாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. பிறரின் தளங்களிலும் ஆப்களிலும் விளம்பரம் காட்டும் கூகுள் டிஸ்ப்ளே நெட்வொர்க் போன்றவற்றில் விளம்பரதாரர் பெரும்பாலும் தளத்தை வாங்குவதில்லை, ஆளை வாங்குகிறார். "வீட்டுக் கடன் தேடுபவர்" என்று குறித்துவிட்டால், அந்த ஆள் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நொடிக்கும் குறைவான நேரத்தில் ஓர் ஏலம் நடந்து விளம்பரம் அங்கே போய் உட்கார்ந்துவிடும். அவர் செய்தி படிக்கிறாரா, டார்ச் ஆப்பைத் தட்டுகிறாரா என்பது இரண்டாம்பட்சம்.

காசு கசிவது பெரும்பாலும் மூன்று வகை இடங்களில். முதலாவது மொபைல் ஆப்கள், குறிப்பாக விளையாட்டுகள். 'அடுத்த லெவல்' பொத்தானை ஒட்டியே பேனர் இருக்கும். விரல் வழுக்கினால் அதுவும் ஒரு கிளிக், அதற்கும் கட்டணம். சாதாரண பேனரைப் பார்ப்பவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடக் கிளிக் செய்வதில்லை. ஆகவே ஒரு ஆப்பில் அந்த விகிதம் 8 அல்லது 10 சதவீதம் என்று வந்தால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். வந்தவர்கள் உங்கள் பக்கத்தில் ஒரு நொடிகூட நிற்கவில்லை என்பதை உங்கள் தளத்தின் வருகைக் கணக்கான அனலிட்டிக்ஸ் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது, விளம்பரம் காட்டுவதற்கென்றே கட்டப்பட்ட தளங்கள்: ஒரு செய்தியை 30 பக்கமாக வெட்டி, பக்கத்துக்கு ஐந்தாறு பேனர் வைப்பவை. அமெரிக்க விளம்பரதாரர் சங்கமான ஏஎன்ஏ 2023-ல் ஆராய்ந்தபோது, விளம்பரக் காட்சிகளில் 21 சதவீதமும் செலவில் 15 சதவீதமும் இவற்றுக்கே போயிருந்தன. மூன்றாவது, மனிதர் போல நடிக்கும் தானியங்கி நிரல்களான பாட்கள். கூகுளே கண்டுபிடிக்கும் போலிக் கிளிக்குகளுக்குக் கட்டணம் கிடையாது. அதன் கண்ணில் படாமல் தப்பியவற்றுக்கு உண்டு.

விலக்குவது எளிது. எதை விலக்குவது என்பதில்தான் சறுக்குகிறார்கள். 'விளம்பரங்கள் எங்கே தோன்றின' என்ற அறிக்கையைத் திறந்து, கன்வர்ஷன் பூஜ்யமாக உள்ள எல்லா வரிகளையும் டிக் செய்து விலக்குவது பலரின் வழக்கம். அந்தப் பூஜ்யத்துக்கு எவ்வளவு பொருள் உண்டு?

ஒரு கிளிக் 8 ரூபாய், 50 கிளிக்கில் ஒருவர் வாங்குகிறார் என்று வைப்போம். ஒரு வாடிக்கையாளருக்கு 400 ரூபாய், கன்வர்ஷன் விகிதம் 2 சதவீதம். இதே தரமுள்ள நல்ல தளம் ஒன்றில் 50 கிளிக்கும் வீணாகப் போகும் வாய்ப்பு 0.98-ஐ 50 முறை பெருக்கினால் கிடைக்கும்: சுமார் 36 சதவீதம். 100 கிளிக்குக்கு 13 சதவீதம். 150 கிளிக்கில்தான் அது 5 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஒரு கன்வர்ஷனுக்கு நீங்கள் கொடுக்கத் தயாரான தொகையைப் போல மூன்று மடங்கு, இங்கே 1,200 ரூபாய், செலவழிந்தும் எதுவும் வரவில்லையென்றால் அந்த இடத்தை விலக்கலாம். 400 ரூபாயிலேயே வெட்டினால், நல்ல தளங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் போய்விடும். வாங்குபவர் கிளிக் செய்த அன்றே வாங்குவதில்லை என்பதால், கடைசி ஒன்றிரண்டு வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இதில் ஒரு சிக்கல். அறிக்கையில் உள்ள பெரும்பாலான இடங்களுக்கு 150 கிளிக் என்றைக்கும் சேராது. இரண்டு கிளிக், மூன்று கிளிக் என்று ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும்; கசிவின் பெரும்பகுதி அந்த நீண்ட வாலில்தான். தனித்தனியாகப் பார்த்தால் எதன் மீதும் குற்றம் சாட்ட முடியாது. அதனால் சேர்த்துப் பாருங்கள். 300 விளையாட்டு ஆப்கள், ஆப்புக்கு 3 கிளிக், மொத்தம் 900. வர வேண்டியது 18 கன்வர்ஷன், வந்தது ஒன்று என்றால் அது தற்செயல் அல்ல. அந்த வகையையே தூக்கலாம். மொழி, நாடு, தளத்தின் பெயரின் கடைசிப் பகுதி (.com, .xyz போன்றவை), யூடியூபில் குழந்தைப் பாட்டுச் சேனல்கள் என்று எப்படி வேண்டுமானாலும் கூட்டம் பிரிக்கலாம்.

ஆப்களை மொத்தமாக விலக்க, ஆப் வகைகளை ஒவ்வொன்றாகக் குறிக்கலாம்; கூகுளின் ஆட்ஸ் எடிட்டர் மென்பொருளில் எல்லா ஆப்களுக்குமான வகை எண் 69500. அதைப் போட்டால் நல்ல செய்தி ஆப்களும் சேர்ந்தே போகும் என்பதை மறக்க வேண்டாம். 'மொபைல்' சாதனத்தையே அணைப்பது இதற்கு மாற்று அல்ல: மொபைல் பிரவுசரில் படிக்கும் வாசகர்களையும் அது துரத்திவிடும். தளத்தை விலக்கும்போது www போன்ற முன்னொட்டு எதுவுமின்றி வெறும் பெயரை மட்டும் எழுதினால் அதன் துணைத் தளங்களும் அடங்கும். பட்டியலை ஒரு கேம்பைனுக்கு (ஒரு விளம்பரத் தொகுப்புக்கு) மட்டும் வைக்காமல் முழு விளம்பரக் கணக்கின் அளவில் வைத்தால் புதிய கேம்பைன்களுக்கும் தானாகப் பொருந்தும்.

இன்னொரு பக்கமும் உண்டு. பட்டியலின் உச்சியில், மிகக் குறைந்த விலையில் கன்வர்ஷன் தரும் தளத்தை முதலில் சந்தேகியுங்கள். படிவம் நிரப்புவதைக் கன்வர்ஷனாக எண்ணினால், பாட்கள் அதையும் நிரப்பும். ஏல விலையைக் கூகுளே முடிவுசெய்யும் தானியங்கி ஏலம் அதை வெற்றி என்று நம்பி, மேலும் காசை அங்கேயே கொட்டும். பலனே இல்லை என்று வெளிப்படையாகத் தெரியும் இடங்களில் தானியங்கி ஏலம் விலையைத் தானே குறைத்துக்கொள்ளும். மனிதர் கை வைக்க வேண்டியது, அது ஏமாறும் இடங்களில்தான். படிவத்தில் வந்த போன் எண்களை அழைத்தபோது எத்தனை பேர் எடுத்தார்கள், எத்தனை பேர் பணம் கட்டினார்கள் என்பதைக் ஒவ்வொரு கிளிக்குக்கும் உள்ள அடையாள எண்ணோடு கூகுள் ஆட்ஸில் திரும்ப ஏற்றினால் இந்தத் தளங்கள் சரசரவென்று கீழே இறங்கும்.

எங்கே காட்டுவது என்பதைக் கூகுளே முடிவுசெய்யும் பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் கேம்பைன்களில் இந்த வேலை கடினம். அதன் இட அறிக்கை எத்தனை முறை தோன்றியது என்பதை மட்டுமே காட்டும். கிளிக்கோ செலவோ தெரியாது. அங்கே மூன்று மடங்குக் கணக்கைப் போட வழியில்லை. சாதாரண டிஸ்ப்ளே கேம்பைனில் தேறிய விலக்குப் பட்டியலைக் கணக்கு அளவுக்கு ஏற்றுங்கள், இதற்கும் அதுவே பொருந்திவிடும்.